‘லூயி லூயி’ கோப்பு: தட்டில் இல்லாத வரிகளைத் தேடிய விசாரணை

1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவர், தம் மகள் வாங்கிவந்த, ‘கிங்ஸ்மென்’ என்ற ராக் குழுவின் ‘லூயி லூயி’ இசைத்தட்டைப் பற்றி நாட்டின் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் போட்டார். தட்டில் இருப்பது படுமோசமான ஆபாசம், அதைக் கடிதத்தில் எழுதவே கூசுகிறது, இதைச் செய்தவர்களைப் பிடிக்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். விவகாரம் எஃப்.பி.ஐ.யிடம் போனது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் அந்தக் கோப்பு நூறு பக்கத்தைத் தாண்டியது. கடைசியில் கிடைத்த விடை ஒன்றுதான்: எந்த வேகத்தில் ஓட்டினாலும் பாடகர் என்ன பாடுகிறார் என்று புரியவில்லை.

பிற்காலத்தில் தகவல் பெறும் சட்டத்தின்படி அந்தக் கோப்பு வெளியே வந்தபோது, புகார் கொடுத்தவர்கள், விசாரித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் மையால் அடிக்கப்பட்டிருந்தன. இங்கும் அவர்கள் பெயரில்லாமலே வருகிறார்கள். பாட்டோடு ஊரறியச் சம்பந்தப்பட்டவர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது.

அதுவரை இந்தப் பாட்டுக்கு ஒரு மூலப் பதிவும் அதன் வழிவந்த கவர் பதிவுகளும் (வேறு ஆட்கள் பாடிய மறுபதிவுகள்) இருந்தன. எல்லாம் ஆறே ஆண்டுக்குள் வெளியானவை. அந்த வரிசையைப் பிடித்துப் பின்னோக்கிப் போயிருந்தால் ஓரிரு நாளில் முடிந்திருக்கும் வேலை ஏன் அத்தனை காலம் இழுத்தது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

பின்னணி: மூலப் பாட்டு, 1955–1959

ரிச்சர்ட் பெர்ரி லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த கறுப்பினப் பாடகர், அடிக்குரலுக்குப் பேர்போனவர். 1955 வாக்கில் ‘ரிதம் ராக்கர்ஸ்’ என்ற குழுவோடு மேடையேறிக்கொண்டிருந்தார். அந்தக் குழு கியூபா இசைக்கலைஞர் ரெனே தூசெட்டின் ‘எல் லோகோ சா சா’வை வாசிப்பது வழக்கம். அதன் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டு பெர்ரியைப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் ஒரு பாட்டைக் கட்டினார்.

பாட்டின் விஷயம் மிகச் சாது. கப்பல் வேலைக்குப் போகும் ஒருவன், லூயி என்ற மதுக்கடைக்காரரிடம் தன் ஏக்கத்தைச் சொல்கிறான். காதலி ஜமைக்காவில் காத்திருக்கிறாள். மூன்று பகலும் மூன்று இரவும் கடல் பயணம். அவள் கூந்தல் ரோஜாவின் மணம் இங்கேயே வருகிறது. ஜமைக்கா நிலா தெரிகிறது, இனி அதிக நேரமில்லை, அவளைக் கண்டதும் மறுபடி பிரிய மாட்டேன். ஒரு பல்லவி, மூன்று சிறு சரணம், அவ்வளவே.

பின்னால் நடந்த குழப்பத்துக்கு ஒரு விதை இந்த வரிகளிலேயே இருந்தது. கரீபியத் தீவுக்காரர் பேச்சின் சாயல் வேண்டும் என்பதற்காகப் பெர்ரி ஆங்கில இலக்கணத்தை வேண்டுமென்றே உடைத்து எழுதினார். ‘நான்’ வர வேண்டிய இடத்தில் ‘என்னை’ வரும், வினைச்சொல் பாதியில் நிற்கும். ஒரு வாக்கியம் தெளிவாகக் கேட்காதபோது, அடுத்து இலக்கணப்படி என்ன வரும் என்ற எதிர்பார்ப்பை வைத்துத்தான் காது அதை நிரப்பிக்கொள்கிறது. இந்தப் பாட்டில் அந்த ஊன்றுகோல் கிடையாது.

1957 ஏப்ரலில் ஃபிளிப் நிறுவனம் இதைத் தட்டின் பின்பக்கப் பாட்டாக வெளியிட்டது. முன்பக்கத்தில் இருந்தது ஒரு பழைய பிரபலப் பாட்டு. மேற்குக் கரையில் ஓரளவு விற்றது, அதற்குமேல் போகவில்லை. 1959இல் பெர்ரிக்குக் கல்யாணம், கையில் பணமில்லை. பாட்டில் தமக்கிருந்த பங்கை ஃபிளிப் உரிமையாளர் மேக்ஸ் ஃபைர்டாக்கிடம் 750 டாலருக்குக் கொடுத்துவிட்டார்.

பெர்ரியின் 1957 பதிவைக் கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். மிதமான சா-சா (கியூபா நடன இசை) நடை, பின்னணிக் குரல்கள் தாளத்தைப் பாடிக்கொண்டிருக்கும், பெர்ரி அவசரமே இல்லாமல் பாடுவார். வழக்கைத் தீர்க்கும் சான்று இந்தத் தட்டுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கை மாறிய பாட்டு: வடமேற்கு, 1961

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா ஊரைச் சேர்ந்த பாடகர் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ், பெர்ரியின் தட்டை மலிவு விலைத் தட்டுகளுக்கிடையே கண்டெடுத்தார். 1961இல் ‘வெய்லர்ஸ்’ குழுவோடு அதைப் பாடி வெளியிட்டார். சா-சாவின் குழைவு போய்விட்டது, அடி கனமானது, கிட்டார் தனிவாசிப்புக்கு முன்னால் ராபர்ட்ஸ் உரக்க ஒரு கூச்சல் போட்டார். இன்றுவரை ஏராளமான கவர் பதிவுகளில் அந்தக் கூச்சல் இருக்கிறது. பாடுபவர்களில் பாதிப் பேருக்கு அது பெர்ரி எழுதியதில்லை என்றே தெரியாது.

அதன்பின் சியாட்டில் தொடங்கி போர்ட்லாந்து வரை எந்த நடன அரங்கிலும் இந்தப் பாட்டு இல்லாமல் இரவு முடிவதில்லை என்ற நிலை வந்தது. பையன்கள் எல்லாரும் ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். அச்சடித்த வரிகளைப் பார்த்தவர் அரிது. வாய்வழியாக இறங்கும் நாட்டுப்பாட்டு எப்படித் தேயுமோ அப்படி ஒவ்வொரு குழுவிடமும் கொஞ்சம் தேய்ந்தது.

தாளமும் மாறியது. போர்ட்லாந்தின் ‘கிங்ஸ்மென்’ குழுவில் பாடிய ஜாக் ஈலி, வெய்லர்ஸ் பதிவை நினைவிலிருந்து குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அடிக்கணக்கைத் தெரியாமலே மாற்றிவிட்டார். மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று பத்து அடி. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை ஏ, டி, இ மைனர், டி. மூன்றாவதை இ மேஜராக வாசிப்பது புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை. மேஜரில் வாசித்தால் பாட்டு பளிச்சென்று ஆகிவிடும், அதன் இருட்டு போய்விடும்.

கண்டவை: 1963 ஏப்ரல் 6, போர்ட்லாந்து

பிற்பாடு கோப்பில் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் விடை இந்த ஒரு காலையில் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

முந்தின இரவு இதே பாட்டை நிறுத்தாமல் ஒன்றரை மணி நேரம் வாசித்த குழு, மறுநாள் காலை ஒலிப்பதிவுக்கு வந்தது. ஸ்டூடியோ வாடகை ஐம்பது டாலர் சுற்றி. வானொலி அறிவிப்பாளரும் குழு வாசித்த கிளப்பின் சொந்தக்காரருமான கென் சேஸ் மேற்பார்வை. நேரடி மேடைச் சத்தம் வேண்டும் என்பது அவர் விருப்பம். கருவிகள் பாடகரைச் சுற்றி நின்றன. பாடும் மைக் கூரைக்குப் பக்கத்தில் உயரத்தில் தொங்கியது.

ஈலி தலையை அண்ணாந்து, நுனிக்காலில் எம்பி, மேலே பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு போட்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்தபடி கத்திப் பாருங்கள். தொண்டை இறுகும், நாக்கு நுனி மேலண்ணத்தைச் சரியாகத் தொடாது, உதடுகள் முழுக்கக் கூடாது. உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து கரையும். மைக் தூரத்தில் இருந்ததால் குரலோடு டிரம்ஸின் தட்டோசையும் கிட்டாரும் சம அளவில் உள்ளே போயின. எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்து ஒரே டேக்கில் எடுத்த பதிவு. பின்னால் குரலை மட்டும் தூக்கிக்காட்ட வழியே இல்லை.

பிழைகள் அப்படியே நின்றன. கிட்டார் தனிவாசிப்பு முடிந்ததும் ஈலி சரணத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டு, தவறு புரிந்து சட்டென்று நிறுத்தினார். டிரம்மர் லின் ஈஸ்டன் ஒரு உருட்டலை வாசித்து இடைவெளியை அடைத்தார். ஈலி மறுபடி சரியான இடத்தில் நுழைந்தார். 1 நிமிடம் 57 வினாடி வாக்கில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். இன்னொரு முறை எடுக்கலாம் என்று குழு நினைத்தது, நடக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பின்னால் இந்தப் பாட்டைப் பாடிய எத்தனையோ குழுக்கள் இந்தப் பிழையையும் பாடமாகவே வாசிக்கின்றன.

அதே மாதம், அதே ஸ்டூடியோவில் ‘பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ்’ குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. பெரிய நிறுவனமான கொலம்பியா அவர்களை எடுத்துக்கொண்டது. வடமேற்கில் முதலில் ஓடியது அவர்கள் பதிவுதான்.

கிங்ஸ்மென் குழு இதற்கிடையே உடைந்தது. குழுவின் பெயர் ஈஸ்டன் பேரில் பதிவாகியிருந்தது. ஆகஸ்டில் அவர் இனி நான்தான் முன்னால் நின்று பாடுவேன் என்றார். ஈலி வெளியேறினார். அக்டோபரில் பாஸ்டன் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் இதை வாரத்தின் படுமோசமான தட்டு என்று கிண்டலாக ஒலிபரப்ப, கடைகளில் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் வாண்ட் நிறுவனம் நாடு முழுவதும் விநியோகித்தது. 1963 டிசம்பர், 1964 ஜனவரியில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் ஆறு வாரம் இரண்டாம் இடம்.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது தொலைக்காட்சியில் கிங்ஸ்மென் என்று தோன்றியது ஈஸ்டன் தலைமையிலான குழு. வாயசைத்தது ஒருவர், ஒலித்த குரல் வேறொருவருடையது. விசாரணை வழி தவறியதற்கு இது நேரான காரணம்.

புகார்: 1964

பாட்டின் ‘உண்மையான’ வரிகள் என்று தட்டச்சு செய்த தாள்கள் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத பல பிரதிகள், எல்லாவற்றிலும் பச்சை ஆபாசம். சாதா வேகத்தில் கேட்டால் தெரியாது, நிமிடத்துக்கு 45 முறை சுழல வேண்டிய தட்டை 33⅓ சுழற்சியில் ஓட்டினால் தெரியும் என்ற குறிப்பும் கூடவே பரவியது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாத வகை வதந்தி.

ஜனவரியில் இந்தியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷுக்குப் புகார் போனது. தட்டைக் கேட்டுப் பார்த்த அவர், மாநில ஒலிபரப்பாளர் சங்கத்திடம் இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செய்தி நாடு முழுவதும் அச்சானது. பாட்டின் வரிகளில் ஆபாசம் இருப்பதாக நிரூபிப்பவருக்கு 1,000 டாலர் தருவதாகப் பாட்டின் உரிமை வைத்திருந்த பதிப்பாளர் தரப்பு அறிவித்தது.

தொடக்கத்தில் சொன்ன கடிதம் வந்தது இதன்பிறகுதான். அதில் எழுதியவரே சொல்கிறார்: இந்தத் தட்டு ஆபாசம் என்று தடை செய்யப்பட்டதாகப் படித்தபின், உட்கார்ந்து வார்த்தைகளைப் பிரித்தெடுக்க முயன்றேன் என்று. படித்தது முதலில், கேட்டது பிறகு. இந்த வழக்கின் விடை கோப்பின் முதல் தாள்களிலேயே இருந்தது. யாரும் அதைச் சான்றாகப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எஃப்.பி.ஐ. இதை எடுத்துக்கொண்டது, ஆபாசப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ். அதன்படி பார்த்தால் முதல் கேள்வி, பொருள் ஆபாசமா என்பது. தட்டு எல்லை கடந்ததில் சந்தேகமே இல்லை. ஆகவே முழு பாரமும் வார்த்தையின்மேல் விழுந்தது. ‘என்ன பாடுகிறார்?’ என்ற கேள்வியோடு தட்டைத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு சட்ட நடைமுறையாக இதில் தப்பு சொல்ல முடியாது.

கள அலுவலகங்கள் மாணவர் தாள்களைச் சேகரித்தன. பதிப்பாளரின் அதிகாரபூர்வ வரிகளும் வந்து சேர்ந்தன. ஆக, ஆய்வுக்கூடத்தில் ஒரே பாட்டுக்கு இரு வகைத் தாள்கள், எதிரே ஒரு தட்டு. எதோடு தட்டு பொருந்துகிறது என்று பார்த்தார்கள். எதோடும் பொருந்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு வழக்கறிஞர்கள் இதை வைத்து வழக்குப் போட மறுத்தார்கள்.

அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் புகார்கள் நின்றபாடில்லை. 1965இல் மிச்சிகனிலிருந்து ஒரு பெற்றோர் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்கே எழுத, தட்டு மறுபடி ஆய்வுக்கூடம் ஏறியது. விசாரணையின் போக்கில் பெர்ரி, கிங்ஸ்மென் குழுவினர், ரெய்டர்ஸ் குழுவினர், நிறுவன அதிகாரிகள் ஆகியோரிடம் பேசினார்கள்.

பேசாமல் விட்ட ஒரே ஆள் ஜாக் ஈலி. அந்த வார்த்தைகளைப் பாடியவர் அவர். குழுவில் அப்போது அவர் இல்லை, அவர் பெயர் எழவே இல்லை.

ஆய்வுக்கூடம்: வேகத்தை மாற்றினால் என்ன ஆகும்

தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த வேகமும் வார்த்தையைக் கண்டறிய உதவவில்லை என்று அறிக்கை சொல்கிறது. உதவாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

45 சுழற்சித் தட்டை 33⅓இல் ஓட்டினால் வேகம் 0.74 மடங்காகக் குறையும். சுருதியும் அதே அளவு, அதாவது ஐந்து சுரஸ்தானத்துக்குச் சற்று அதிகமாக, இறங்கும். மேல் ஷட்ஜத்தில் பாடியது பஞ்சமத்துக்கு வந்துவிடும். 78இல் ஓட்டினால் ஒன்பதரை சுரஸ்தானம் ஏறும். சுருதி மட்டும் மாறினால் பரவாயில்லை. ‘அ’வை ‘அ’ என்றும் ‘ஈ’யை ‘ஈ’ என்றும் நமக்குக் காட்டுவது வாயின் உள்வடிவம் ஏற்படுத்தும் அதிர்வெண் பட்டைகள். வேகத்தைக் குறைத்தால் அந்தப் பட்டைகளும் சேர்ந்தே கீழே சரியும். ஓர் உயிரெழுத்து இன்னொன்றாகக் கேட்கத் தொடங்கும். அதனால், மெதுவாக ஓட்டினால் ‘தெரிகிற’ வார்த்தை, பாடகர் வாயிலிருந்து வராத வார்த்தையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மெய்யெழுத்தின் கதை வேறு. ‘ஸ்’ போன்ற ஒலிகளின் பலம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. ‘ஃப்’ இயல்பிலேயே பலவீனமானது. டிரம்ஸ் தொகுப்பின் சிம்பல் தகடு சிதறடிக்கும் ஓசையும் அதே பகுதிதான். ஒரே மைக்கில் இரண்டும் விழும்போது சிம்பல் மெய்யை மூடிவிடும். மூடியதை மெதுவாக ஓட்டினாலும் மூடியபடியேதான் ஓடும்.

இத்தோடு மனம் செய்கிற வேலையும் சேர்கிறது. மெய்யெழுத்து கரைந்த ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே கையில் உள்ள தாளைப் படித்தால், தாளில் உள்ளதுதான் காதில் விழும். தாளை மாற்றினால் கேட்பதும் மாறும். பெர்ரியின் அதிகாரபூர்வ வரிகளை வைத்துக்கொண்டு கிங்ஸ்மென் பதிவைக் கேளுங்கள், ஏறத்தாழ எல்லா வரியும் தட்டுப்படும். மாணவர் தாளை வைத்துக் கேட்டவர்களுக்கு அது தட்டுப்பட்டது. புகார் கொடுத்த பெற்றோர்கள் பொய் சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு உண்மையிலேயே கேட்டது.

முடிவும் அதன் விளைவும்

‘புரியவில்லை, ஆகவே ஆபாசம் என்று சொல்ல இயலாது’ என்பதே இறுதி நிலை. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி.யும் தனியாகப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது. யார்மீதும் வழக்கு இல்லை. சட்டப்படி சரியான முடிவு. ஆனால் ‘வரிகள் இவை, இவற்றில் குற்றமில்லை’ என்பதற்கும் ‘எங்களுக்கே கேட்கவில்லை’ என்பதற்கும் பெரிய தூரம். இரண்டாவது விடை வதந்திக்கு உரம். எஃப்.பி.ஐ.யாலேயே பிடிக்க முடியாத பாட்டு என்ற பேர் கிடைத்தது.

பிறகு: கவர் பதிவுகள், உரிமைகள்

புகார் எழுந்த 1964இலேயே பீச் பாய்ஸ், ஓடிஸ் ரெடிங், கிங்க்ஸ் மூவரும் தனித்தனியே பதிவு செய்தார்கள். 1966இல் ‘சாண்ட்பைப்பர்ஸ்’ இதை ஸ்பானிய மொழியில், தாலாட்டு மாதிரி மென்மையாகப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதல் முப்பதுக்குள் வந்தார்கள். பாட்டு புறப்பட்ட லத்தீன் இசைக்கே ஒரு சுற்று சுற்றித் திரும்பியது என்று சொல்லலாம். 1967இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃபிராங்க் ஸாப்பாவின் குழு அந்த அரங்கின் பிரம்மாண்டக் குழல் ஆர்கனில் இதை வாசித்தது. ஜமைக்காவின் ‘டூட்ஸ் அண்ட் த மேடால்ஸ்’ எழுபதுகளில் ரெகேயாகப் பாடினார்கள். வரியில் வரும் தீவுக்காரர்களே பாடிய பதிவு என்பதால் அதற்குத் தனி ருசி. 1978இல் மோட்டர்ஹெட், 1981இல் ஒரு பக்கம் பிளாக் ஃபிளாக்கின் பங்க், மறுபக்கம் பேரி ஒயிட்டின் பட்டுக்குரல்.

வதந்தியைச் செய்து காட்டியவர் ராக் பாடகர் இகி பாப். 1974இல் ‘ஸ்டூஜஸ்’ மேடையில் வெளிப்படையான ஆபாச வரிகளோடு இதைப் பாடினார், அது தட்டாகவும் வந்தது. பத்தாண்டுக்கு முன் தேடியது, தேடுவார் யாருமில்லாத காலத்தில் கிடைத்தது.

1983இல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி. கல்லூரி வானொலி 63 மணி நேரம் இந்த ஒரே பாட்டின் பதிவுகளை மட்டும் ஒலிபரப்பியது. எண்ணூறுக்கு மேல் வந்தன.

750 டாலருக்குப் பாட்டை விட்ட பெர்ரி, எண்பதுகளின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் தாயார் வீட்டில் அரசு உதவித்தொகையில் இருந்தார். ஒரு பான நிறுவனம் இந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டபோது அவர் கையெழுத்து தேவைப்பட்டது. அவரைத் தேடிவந்த வழக்கறிஞர் வழியாக உரிமைப் பேச்சு தொடங்கி, கணிசமான தொகை கைக்கு வந்தது. 1997இல் இறந்தார். தங்கள் மூலப் பதிவின் உரிமைக்காக வழக்காடிய கிங்ஸ்மென் 1998இல் அதை மீட்டார்கள். ஈலிக்குக் கிடைத்த சமரசத்தில் ஒரு அம்சம், பிற்காலத் தட்டுகளில் ‘முதன்மைக் குரல் ஜாக் ஈலி’ என்று அச்சிட வேண்டும் என்பது. 1964இல் அந்த ஒரு வரி தட்டின் உறையில் இருந்திருந்தால் கோப்பு வேறு மாதிரி போயிருக்கும்.

2005இல் மிச்சிகனில் ஒரு நடுநிலைப் பள்ளி வாத்தியக்குழு ஊர்வலத்தில் இதை வாசிக்க இருந்தபோது, வரிகளைக் காரணம் காட்டி மாவட்டக் கண்காணிப்பாளர் தடுத்தார். குழந்தைகள் வாசிக்க இருந்தது வெறும் வாத்திய இசை. பெற்றோர் எதிர்த்தபின் தடை நீங்கியது.

இதே போல ஒன்று வந்தால் எதை மாற்றுவது

தட்டின் நடுவட்ட லேபிளில் பாட்டுத் தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதைப் படிப்பது. ‘பெர்ரி’ என்ற பெயரிலிருந்து ஃபிளிப் தட்டுக்கு ஒரே ஒரு படி. 1957 பெர்ரி, 1961 ராபர்ட்ஸ், 1963 ஈலி மூன்றையும் அந்த வரிசையில் அடுத்தடுத்து ஓட்டினால், தெளிவான பதிவில் பிடித்த சொல் தெளிவற்ற பதிவிலும் அதே இடத்தில், அதே அசைக்கணக்கில் விழுவதைக் கேட்கலாம். ஆபாசத் தாளின் வரிகள் அசைக்கணக்கிலேயே இடறும்.

இரண்டாவது, பாடியவர் யார் என்பதை இப்போதைய குழுவிடம் கேட்கக் கூடாது. பதிவு நாளன்று அறையில் யார் யார் இருந்தார்கள் என்று ஸ்டூடியோவிடமும் மேற்பார்வையாளரிடமும் கேட்க வேண்டும். குழுவின் பெயர் அப்படியே இருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். பழைய பதிவுகளின் உரிமைத் தகராறுகளிலும் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்.

மூன்றாவது, எந்தத் தாளையும் பார்க்காத நாலைந்து பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். உறுதியில்லாத இடத்தைக் காலியாக விடச் சொல்ல வேண்டும். பிறகுதான் தாள்களை எடுத்து ஒப்பிட வேண்டும். தாளை முன்னால் பார்த்தவர் சாட்சியாக இருக்கலாம், கேட்பவராக இருக்க முடியாது. புகார்தாரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: இந்த வரியை முதலில் படித்தீர்களா, கேட்டீர்களா?

இன்று சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்க மென்பொருள் உண்டு. குரலைக் கருவிகளிலிருந்து பிரித்தெடுப்பதும் முடியும். ஆனால் மைக்கில் விழாத மெய்யெழுத்தை எந்தக் கருவியும் திருப்பித் தராது. சில கருவிகள் ஊகித்து நிரப்பிவிடும், அது மாணவர் தாளை விட மோசம்.

கடைசியாக, குரலை மட்டும் கேட்காமல் அறை முழுவதையும் கேட்க வேண்டும். 54ஆவது வினாடி வாக்கில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால், பின்னணியில் ஒரு சத்தம் எழும். ஈஸ்டன் டிரம் குச்சியைத் தவறவிட்டு, வாய்தவறி ஒரு கெட்ட வார்த்தையைக் கத்திய இடம். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டது இது. அந்தத் தட்டில் இருந்த ஒரே ஆபாசம் அதுதான், வாய் திறந்தது பாடகர் அல்ல, எந்தத் தாளிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஊசி அந்த இடத்தை எத்தனையோ முறை, பல வேகங்களில், கடந்து போயிருக்கிறது.